எர்மூபொலியை மேலிருந்து கீழாகப் பார்க்கணும்

செட்டிநாட்டில், கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் கிரீஸுக்குப் போனால், கடற்கரைத் தீவுகளோடு நிறுத்தாமல் சீரோஸ் தீவின் எர்மூபொலிக்கு ஒன்றரை நாள் ஒதுக்குங்கள். வணிகர்கள் கட்டிய ஊர் அது. பார்க்கிற வரிசைதான் முக்கியம்.

காலை எட்டு மணிக்கெல்லாம் பஸ்ஸிலோ டாக்ஸியிலோ குன்றின் மேலுள்ள அனோ சீரோஸுக்கு ஏறிவிடுங்கள்; பிறகு நடந்து இறங்கலாம். துறைமுகத்திலிருந்து படியேறத் தொடங்கினால் பாதி வழியிலேயே கால் ஓய்ந்துவிடும், வெயிலும் ஏறிவிடும். ஊரின் வரலாறும் மேலிருந்து கீழாகத்தான் வந்தது. வெனிஸ்காரர்கள் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்க ஊர் இது. கடற்கொள்ளையருக்குப் பயந்து வீட்டை ஒட்டி வீடு கட்டினார்கள். வெளிவரிசை வீடுகளே மதில். நம் ஊர்களின் நேர்த்தெருக்களை இங்கே தேடாதீர்கள்.

உச்சியில் சான் ஜோர்ஜிஸ் கோயில். அங்கே நின்று எதிர்க்குன்றைப் பாருங்கள். அதன் தலையில் இருப்பது ஆர்த்தடாக்ஸ் கோயில். 1821இல் கிரேக்க விடுதலைப் போர் மூண்டபோது, பிரெஞ்சுப் பாதுகாப்பிலிருந்த சீரோஸ் ஒதுங்கி நின்றது. அதனால் 1822 படுகொலைக்குத் தப்பிய கியோஸ் தீவினரும், 1824இல் அழிந்த ப்சாராவின் மக்களும் இங்கே ஓடிவந்தார்கள். கீழே கரையோரம் ஊர் கட்டி, வணிகக் கடவுள் ஹெர்மிஸின் பெயரை வைத்தார்கள். நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே கொஞ்சம் நிற்பார்கள்.

இறங்கினால் மியாவுலி சதுக்கம். தரை முழுக்கச் சலவைக்கல். மழை பெய்தால் வழுக்கும், ரப்பர் அடிச் செருப்புப் போடுங்கள். 1876இல் தொடங்கிய நகரமன்றம் கட்டடக்கலைஞர் எர்ன்ஸ்ட் ட்சில்லர் வரைந்தது. பக்கத்திலேயே 1864இல் திறந்த அப்பல்லோ நாடக அரங்கு. கிமிசிஸ் கோயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள்: ஓவியர் எல் கிரேக்கோவின் திருவோவியம் அங்கிருக்கிறது. 1983இல் கண்டுபிடித்த அவர் கையெழுத்து, ஓவியத்தின் நடுவிலுள்ள விளக்குத்தண்டின் அடியில் இருக்கிறது. கிட்டப் போனால்தான் தெரியும்.

மாலை வெயில் சாயும்போது வபோரியா பகுதி. கப்பல்காரர்கள், வணிகர்கள் வீடுகள் கடல் விளிம்பிலேயே நிற்கின்றன. இங்கேதான் நம் வீடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கணும். நம்மவர்கள் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போனது பர்மாவுக்கு. வளவு முற்றமும் பட்டாலைக் கூடமும் கட்டியது செட்டிநாட்டில், கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும். எர்மூபொலிக்காரர்களோ கப்பல் வந்து நிற்கிற இடத்திலேயே வீட்டைக் கட்டினார்கள். 1942இல் பர்மா கைவிட்டுப் போனதும் செட்டிநாட்டில் பல வீடுகள் பூட்டிக்கிடந்தன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகம் எர்மூபொலியை முந்தியது. ஆனாலும் 1861இல் தொடங்கிய நியோரியோன் கப்பல் பட்டறையும், சிக்ளடீஸ் தீவுக்கூட்டத் தலைநகர் என்பதால் இருந்த அலுவலகங்களும் ஊரைக் காப்பாற்றின.

தவறுவது பெரும்பாலும் நேரத்தில்தான். மதியம் கோயில்களையும் கடைகளையும் பூட்டிவிடுவார்கள். சாப்பாட்டை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பிரேயஸிலிருந்து சாதாரணக் கப்பலில் சுமார் நான்கு மணி நேரம். ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி வடகாற்று வீசினால் வேகப்படகுகள்தான் முதலில் நிற்கும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாள் கையிருப்பாக வையுங்கள். லுக்குமி மிட்டாய் பெட்டியில் ஊர்வரை தாங்கும். மெல்லிய வேஃபர்களுக்கு நடுவே பாதாம் நூகா வைத்த ஹல்வதோபிட்டா நொறுங்கிவிடும், அதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.