சின்ன டிராக்டருக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது

குமரி மாவட்டத்தில் பழைய சின்ன டிராக்டர்களைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் தொழியில், அதாவது சேற்று உழவில், இறங்கியாக வேண்டும். கடலோரம் என்றால் உப்புக்காற்று வேறு. என்னிடம் இருப்பது 18.5 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. தேரூர் பக்கம் வயலுக்கும் வாழைக்கும் அதுதான். அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகும் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

முன் ஆக்ஸிலில் தொடங்குங்கள். தொழி அடிக்கும்போது அது சேற்றுக்குள்ளேயே சுழல்கிறது. சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே உள்ள பிரீதர் (காற்று போய்வரும் சின்ன மூடி) சேற்றால் அடைத்திருந்தால், அந்தக் காற்று ஆயில் சீல் (ஆயில் ஒழுகாமல் தடுக்கும் வளையம்) வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவி, ஊதிப்பார்த்து மாட்டுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் சீலைக் காப்பாற்றுவது அதுதான்.

தண்ணீர் ஏற்கெனவே போயிருக்கிறதா என்று பார்க்க, வண்டியை ராத்திரி முழுக்க அசைக்காமல் நிறுத்துங்கள். காலையில் ஆக்ஸில் ஹவுசிங்கின் (வெளிக்கூட்டின்) அடியில் உள்ள டிரெயின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கி, ஆயிலுக்கு முன்னால் சொட்டும். ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் ஏற்கெனவே கலந்துவிட்டது. முழுவதும் வடித்துவிட்டு, உங்கள் வண்டியின் புத்தகத்தில் சொன்ன கிரேடு ஆயிலை ஊற்றுங்கள். அதோடு சீலையும் மாற்ற வேண்டும். சீலைக் கழற்றியதும் அது உட்காரும் ஷாஃப்டில் நகத்தை ஓட்டிப்பாருங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால் புதுச் சீலும் ஒழுகும். அந்தப் பள்ளத்தில் சீலின் உதடு படாதபடி, இடம் இருந்தால் சற்றுத் தள்ளி உட்கார வையுங்கள். வாழைக்கு முட்டுக் கட்டிய நைலான் கயிறு தோட்டத்தில் கிடந்தால் அது ஆக்ஸிலில் சுற்றிச் சீலை அறுத்துவிடும். உழுது முடித்து ஏறியதும் சக்கரத்துக்குள் கைவிட்டு இதைப் பார்ப்பது நல்லது, எஞ்சினை அணைத்துவிட்டுத்தான்.

வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். கனமான மரக்கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்து, பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் ஆப்பு வையுங்கள்.

அடுத்தது டீசல். டேங்க் பாதி காலியாக நின்றால் ராத்திரியில் உள்ளே ஈரம் படியும். டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் தங்கி நேரே பில்டருக்கு வரும். சாயங்காலமே டேங்கை நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லை குறையும். பில்டர் அடியில் இருக்கும் கிண்ணத்தைக் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் திறந்து வடியுங்கள்.

பில்டர் மாற்றினாலோ டேங்க் வற்றினாலோ லைனில் காற்று பிடித்துக்கொள்ளும். காற்று எடுக்க, டேங்கை நிரப்பி, டீசல் வரும் வால்வைத் திறந்து, பில்டர் மேலே உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். அப்புறம் பம்பில் உள்ள ஸ்க்ரூ, அதே முறை. கடைசியாக எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் பைப் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, டீசல் தெறிக்கும்வரை ஸ்டார்ட்டரை அடித்துவிட்டு இறுக்க வேண்டும். ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம், ஸ்டார்ட்டர் சூடாகிவிடும். அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையை அதன் முன்னால் நீட்டவே கூடாது.

ஸ்டார்ட் ஆகாத வண்டியில் புகையைக் கவனியுங்கள். ஸ்டார்ட்டர் அடித்தும் புகையே வரவில்லை என்றால் டீசல் சேரவில்லை, காற்று எடுங்கள். வெள்ளைப்புகை வந்தும் பற்றவில்லை என்றால் டீசல் வருகிறது, சூடுதான் போதவில்லை. நம் ஊரில் குளிர் ஏது என்று பலர், ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைக் கவனிப்பதே இல்லை. ஆனால் பல சின்ன டீசல் எஞ்சின்களுக்கு மழைக்காலக் காலையில் அது அவசியம். பிளக்கின் வயரைக் கழற்றி, 12 வோல்ட் பல்பின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும், மறுமுனையைப் பிளக்கின் தலையிலும் வையுங்கள். பல்பு எரியாவிட்டால் பிளக் போய்விட்டது.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் ஆப்பசோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, மாட்டியபின் வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் எர்த் வயர் சேஸிஸில் சேரும் இடத்தையும் தேய்த்து விடுங்கள். லைட் மங்குவதும் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுவதும் பல நேரம் அங்கிருந்துதான்.

ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கூலன்ட்தான் நல்லது. மூடியை எஞ்சின் ஆறியபிறகே திறக்க வேண்டும்.

தொழியிலிருந்து ஏறிய அன்றே வண்டியைக் கழுவி, உடனே எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடியுங்கள். பழைய சேறும் தண்ணீரும் வெளியே தள்ளப்பட்டு, சுத்தமான கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை அடிக்க வேண்டும். பழைய வண்டிகளில், எஞ்சின் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மணிமீட்டர் பெரும்பாலும் ஓடாது. அதனால் எஞ்சின் ஆயிலை நான் பூவை வைத்துக் கணக்கிடுகிறேன். கன்னிப்பூவுக்கு முன் ஒருமுறை, கும்பப்பூவுக்கு முன் ஒருமுறை, எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடித்து மாற்றுவேன்.

டீசல் பம்பையும் இன்ஜெக்டர் நாசிலையும் மட்டும் வீட்டில் பிரிக்க வேண்டாம். அழுத்தம் பார்க்கும் கருவி உள்ள பம்ப் சர்வீஸ் கடைக்குத்தான் போக வேண்டும். கழற்றிக் கொண்டுபோகும்போது பைப்பின் திறந்த முனைகளில் சுத்தமான பாலித்தீன் கட்டுங்கள், நாசில்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டுவிடுங்கள்.