ஜூன் 5-ல் கன்று நடாதீர்கள்: பகுதிச் சூழல் நிகழ்ச்சிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்கு நிகழ்ச்சி நடத்தப்போகிறார்களாம். காலையில் ஏரிக்கரையில் 300 மரக்கன்று, பிறகு குப்பை அள்ளுதல், மதியம் சிறுதானிய விருந்து, மாலையில் விதைப்பந்து. யோசனை கேட்க வந்திருக்கிறார்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அழைப்பிதழ் கொடுக்க வந்திருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் அச்சடித்த அழைப்பிதழுக்கும் அதற்கும் சிறப்பு விருந்தினர் பெயர் மட்டும்தான் வேறு.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் ஒழிப்புக் கூட்டத்துக்கு ஃபிளெக்ஸ் பேனர் கட்டாதீர்கள், மேடையில் தண்ணீர் பாட்டில் அடுக்காதீர்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை இன்னும் சொல்லித்தர வேண்டியவர்களுக்கு என் எழுத்து உதவாது.

காலண்டரைப் பார்த்துக் கன்று நடுவது

1972 ஜூன் 5-ம் தேதி ஸ்டாக்ஹோமில் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கியது. அந்த நாள்தான் உலகச் சுற்றுச்சூழல் தினமாயிற்று. ஸ்வீடனில் அது இதமான பருவம். சென்னையிலும் செங்கல்பட்டிலும் கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், அதுவும் பஞ்சாங்கத்தில் மட்டும். 2023-ல் வெயில் தாங்காமல் பள்ளித் திறப்பையே ஜூன் 12-க்குத் தள்ளிவைத்தார்கள். பிள்ளைகளுக்கு ஆகாத வெயில் ஓர் அடிக் கன்றுக்கு மட்டும் ஆகுமா?

எங்கள் பக்கத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். ஜூனில் ஒரு மாலை இடி இடித்துக் கொட்டும். பிறகு பத்து நாள் காயும். அந்த ஒரு மாலை மழையை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கரையில் நாங்கள் நட்டது மொத்தம் 240 கன்றுகள். முதல் நாள் மாலை குழி வெட்ட வந்தவர், கடப்பாரையை ஓங்கிப் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கரை பாறையாக இறுகிக் கிடந்தது. “சார், ஒரு மழை பெய்யட்டுமே” என்றார். நான் அழைப்பிதழைக் காட்டினேன். இரண்டடி ஆழம் பேசியது முக்கால் அடியில் முடிந்தது. மறுநாள் 6 மணிக்கே லாரியிலிருந்து கன்றுகளை இறக்கி வெட்டவெளியில் வரிசையாக வைத்தோம். 7 மணிக்கு வரவேண்டிய விருந்தினர் 10.15-க்கு வந்தார். அதற்குள் பாதிக் கன்றுகள் தலைகவிழ்ந்துவிட்டன. அவர் ஒன்று நட்டார், நாங்கள் கைதட்டினோம், பள்ளிப் பிள்ளைகள் மீதியை நட்டார்கள். 11 மணிக்குக் கரையில் கன்றுகளையும் இரண்டு நாய்களையும் தவிர யாரும் இல்லை.

அடுத்து, யார் தண்ணீர் ஊற்றுவது? முறைவைத்து ஊற்றலாம் என்று பட்டியல் போட்டோம். ஒன்பது நாள் தாங்கியது. பிறகு டேங்கர் லாரி. அதே மாதத்தில் எங்கள் தெருவே குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றது என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆகஸ்ட் பாதிவரை தண்ணீருக்கு மட்டும் 38,000 ரூபாய் போயிற்று. சங்கத்தில் ஒருவர் கணக்குக் கேட்டார். கேட்டது நியாயம்தான்.

அக்டோபரில் மழை இறங்கியதும் எண்ணினோம். உயிரோடு இருந்தவை 31. பட்டதைப் பிடுங்கிவிட்டு மறுபடி நடலாம் என்று இழுத்தால், முதல் கன்றே கறுப்புக் கவரோடு வந்தது. மேலே கொஞ்சம் கிழித்திருந்தார்கள், அவ்வளவுதான். மண் பாக்கெட்டின் அச்சு மாறாமல் செங்கல்போல இருந்தது. வெளியேற வழி இல்லாத வேர், அடியில் முறுக்குப் பிழிந்ததுபோல் சுற்றிச் சுற்றிக் கிடந்தது. அப்படி 46 கன்றுகள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. கவரைக் கிழிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லவேண்டிய நேரத்தில் நான் விருந்தினருக்குச் சால்வை தேடிக்கொண்டிருந்தேன்.

என்னை இன்றுவரை உறுத்துவது வேறொன்று. அதே ஐப்பசியில், கரையோரம் டீக்கடை வைத்திருக்கும் அக்கா, பந்தலுக்கு முட்டுக் கொடுக்க ஒரு பூவரசம் போத்தை வெட்டி ஈரமண்ணில் ஊன்றினார். மேடை இல்லை, மைக் இல்லை. அது துளிர்த்து மரமாகி இன்று அவர் கடை பெஞ்சுக்கு நிழல் தருகிறது. நான் அந்த நிழலில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறேன்.

ஜூன் 5-ம் தேதி நிகழ்ச்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று குழி வெட்டுங்கள். முதல் நாளே தண்ணீர் விட்டு ஊறவைத்தால் கடப்பாரை இறங்கும். நீளம், அகலம், ஆழம் எல்லாம் இரண்டடி. தொழுவுரமும் சருகும் போட்டு மூடி, அடையாளக் குச்சி நடுங்கள். விருந்தினர் கடப்பாரை பிடித்து நின்றால் புகைப்படம் நன்றாகவே வரும். வாங்கும் கன்றை நாற்றங்காலிலேயே விட்டு ஐந்தடி உயரம் வளர்க்கச் சொல்லுங்கள். புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ, இரண்டு நல்ல மழைக்குப் பிறகு, இருபது பேர் போய் நட்டால் போதும். மேட்டில் புங்கனும் வேம்பும், தண்ணீர் ஏறும் இடத்தில் நீர்மருது. 300 வேண்டாம். வரும் கோடையில் எத்தனைக்கு உங்களால் தண்ணீர் சுமக்க முடியும் என்று எண்ணிப் பார்த்து, அத்தனை மட்டும் நடுங்கள். எங்களுக்கு அந்த எண் 40.

கன்னியாகுமரிக்காரர்களும் மலையடிவாரத்தில் தென்காசி, பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்களும் இதைப் படித்துச் சிரிக்கலாம். அவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழை உண்டு, ஜூனில் தாராளமாக நடட்டும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது எனக்கு நினைவூட்டுகிறார்கள். அது விதைக்கிறவனுக்குச் சொன்னது. அவன் தினமும் வயலுக்குப் போவான்.

பனை விதையைக் குவித்துப் புதைப்பது

பனை இந்தக் கவலையெல்லாம் வைக்காது. ஆடி, ஆவணியில் பழம் விழும். பொறுக்கிப் புதைத்தால் போதும், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். அதிலும் நாங்கள் ஒரு தவறு செய்தோம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கரையில் பொலபொலவென்றிருந்த மண்ணில் ஆயிரம் விதையை நெருக்கமாகப் புதைத்தோம். தை பிறப்பதற்குள் கரையை யாரோ பாத்தி பாத்தியாக, சுத்தமாகத் தோண்டியிருந்தார்கள். அந்தப் பொங்கலுக்கு ஏரிக்கரைச் சாலையில் பனங்கிழங்குக் கட்டு மலிவாகக் கிடைத்தது. நானும் ஒரு கட்டு வாங்கினேன். எந்த ஊர்க் கிழங்கு என்று கேட்கவில்லை.

குவித்துப் புதைத்தால் அது கிழங்குத் தோட்டம். பத்தடிக்கு ஒன்றாகக் கெட்டி மண்ணில் புதைத்தால் அதைத் தோண்டி எடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

ஏரி யாருடையது என்று கேட்காமல் இறங்குவது

ஏரி நீர்வளத் துறையுடையதாக இருக்கலாம், வனத்துறையுடையதாக இருக்கலாம். கரையை ஒட்டிய சாலை மாநகராட்சியுடையதாகவோ ஊராட்சியுடையதாகவோ இருக்கும். அனுமதிக் கடிதம் யாருக்கு எழுதுவது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தவறான அலுவலகத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு போய், மண்வெட்டியோடு வாசலிலேயே நின்றோம்.

ஆகாயத்தாமரை எடுப்பவர்களுக்கு ஒன்று. இழுத்ததைக் கரையிலேயே போட்டுவிட்டு வராதீர்கள். அடுத்த மழைக்குத் தானாக ஏரிக்குள் இறங்கிப் போய்விடும். இழுத்த வேலைக்குப் பலனாகக் கைவலி மட்டும்தான் மிஞ்சும்.

அள்ளிய குப்பைக்கு வண்டி சொல்லாதது

ஞாயிற்றுக்கிழமை அள்ளினோம், மூட்டை கட்டினோம், மூட்டைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்தோம். வண்டி வரவில்லை. திங்கள் இரவு நாய்கள் கிழித்தன, செவ்வாய்க்கிழமை காற்று அடித்தது, புதன்கிழமை எல்லாம் பழையபடி ஏரியில் மிதந்தது. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. நூறு பேர் வராவிட்டாலும் தெரிவியுங்கள். வண்டி எந்த நாளில் வரும் என்று கேட்டுவிட்டு நிகழ்ச்சிக்கு நாள் குறியுங்கள். அள்ளும்போதே கண்ணாடியைத் தனியாகப் போடுங்கள். இல்லையென்றால் உங்கள் மூட்டையைத் தூக்கும் தூய்மைப் பணியாளரின் கைதான் கிழியும்.

காகிதக் குவளை

உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும்.

சிறுதானிய விருந்து

9 மணிக்குள் போடுங்கள். மண் சுமந்தவனுக்கு மதியம்வரை பசி காத்திருக்காது.

விதைப்பந்து

வேண்டாம். வேலிக்காத்தான் புதருக்குள் எறிந்துவிட்டுக் கைதட்டியதற்கு மேல் அதில் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை.

இவ்வளவையும் அந்த இளைஞர்களிடம் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. இருவரில் சின்னவன் அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஐயா, ‘மரக்கன்று நடுதல்’ என்பதன் மேல் ‘குழி வெட்டுதல்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொடுத்தால் அசிங்கமாக இருக்குமா?” என்று கேட்டான். ஒட்டலாம் என்றேன். போகும்போது மாடிப்படிக்கு அடியில் கிடந்த நான்கு கடப்பாரைகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.