கிளினிக்கில் குழந்தைகள் தடுப்பூசித் திட்டம்: முதலில் பட்டியலைச் சரிசெய்யுங்கள்

எந்த வயதில் எந்த ஊசி என்பது உங்கள் அரசு வெளியிடும் அட்டவணையிலேயே இருக்கிறது. அதை இங்கே திரும்ப எழுதவில்லை. இரண்டு மூன்று பேர் மட்டும் வேலை பார்க்கும் பொது மருத்துவ கிளினிக்கில், ஒரு குழந்தைகூட விட்டுப்போகாமல் இதை எப்படி நடத்துவது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

படி 1: பொறுப்பாளர்

செவிலியர் ஒருவரைப் பொறுப்பாளர் ஆக்குங்கள். அவர் விடுப்பில் போகும் நாளுக்கு இன்னொருவர் வேண்டும். இரண்டு பெயரையும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

படி 2: பட்டியல்

நான் தவறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்களிடம் ஒழுங்கான தடுப்பூசிப் பதிவேடு இருந்தது. மாதக் கடைசியில் அதைப் புரட்டி, அடுத்த தவணைக்கு வராதவர்களைக் கூப்பிடுவோம். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட எல்லாருமே வந்திருப்பார்கள். ஒரு நாள் இருமலோடு ஒரு குழந்தை வந்தது, 14 மாதம். பிறந்ததிலிருந்து எங்களிடம்தான் காட்டுகிறார்கள். ஆனால் ஒரு ஊசிகூடப் போட்டிருக்கவில்லை. பதிவேட்டைத் தேடினால் பெயரே இல்லை. முதல் ஊசி போட்டால்தான் அதில் பெயர் ஏறும். போடாத குழந்தை எங்கள் கண்ணிலேயே படவில்லை. தட்டம்மை பரவாமல் நிற்க 95 சதவீதக் குழந்தைகளுக்காவது இரண்டு தவணையும் போய்ச்சேர வேண்டும். வந்தவர்களை வந்தவர்களாலேயே வகுத்துவிட்டு, நாங்கள் அதைத் தாண்டிவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தோம்.

எனவே பட்டியலைத் தடுப்பூசிப் பதிவேட்டிலிருந்து எடுக்காதீர்கள். எந்தக் காரணத்துக்காக வந்திருந்தாலும் சரி, உங்களிடம் பதிவான 6 வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளின் பெயரையும் எழுதுங்கள். பிறந்த தேதி, இரண்டு தொலைபேசி எண், ஒவ்வொரு தவணையும் போட்ட தேதி, அடுத்து வர வேண்டிய தேதி. அவ்வளவு போதும்.

அந்தக் கடைசித் தேதியில் இன்னொரு சிக்கல் உண்டு. முதலில் நான் அதைப் பிறந்த தேதியிலிருந்தே கணக்கிட்டு வைத்தேன். 6, 10, 14 வாரம் என்ற அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை முதல் தவணைக்கு 9ஆம் வாரம் வந்தால், என் கணக்குப்படி அடுத்த வாரமே இரண்டாவது. அது தவறு. இடையில் 4 வாரமாவது வேண்டும். அதற்கு முன் போட்டால் அந்தத் தவணையைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆகவே அடுத்த தேதியை, கடைசியாக ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணுங்கள். இடைவெளி நீண்டுபோனால் பயம் வேண்டாம். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதற்கு எக்செல்லை விட எனக்கு அட்டைப் பெட்டிதான் பிடிக்கும். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அறை, குழந்தைக்கு ஒரு அட்டை. ஊசி போட்டதும் அட்டையை அடுத்த தவணை வரும் மாதத்துக்கு மாற்றுகிறோம். மாதம் முடியும்போது அந்த அறையில் மிஞ்சும் அட்டைகள்தான் வராத குழந்தைகள். தேடவே வேண்டாம், கையில் எடுத்தால் தெரியும். குழந்தைகள் நூற்றுக்கணக்கில் என்றால் கணினி இல்லாமல் முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

படி 3: கூப்பிடுவது

குறுஞ்செய்தியோடு நிறுத்தாதீர்கள், பேசுங்கள். "ஏன் வரவில்லை" என்று தொடங்கினால் பெற்றோர் அப்போதே ஒதுங்கிவிடுகிறார்கள். "எந்த நாள் உங்களுக்கு வசதி" என்று கேளுங்கள். லேசான சளி இருக்கிறது என்று தள்ளிப்போடுபவர்கள் நிறையப் பேர். லேசான சளி ஊசிக்குத் தடை இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் பெரும்பாலான ஊசிகளைப் பிறந்த நாளிலிருந்து எண்ணியே போடுகிறோம். அப்புறம், வேறு எதற்காகக் குழந்தை வந்தாலும் அட்டையை எடுத்துப் பாருங்கள். அன்றே போட முடிந்தால் அன்றே போடுங்கள்.

படி 4: ஃபிரிட்ஜ்

2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்பது எல்லாருக்கும் தெரியும். வெப்பத்துக்குப் பயப்படும் அளவுக்கு உறைதலுக்கு யாரும் பயப்படுவதில்லை, எனக்கு அதுதான் கவலை. முத்தடுப்பூசி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ்), ஹெபடைடிஸ் பி போன்று அலுமினிய உப்பு சேர்ந்தவை ஒருமுறை உறைந்தாலே வீணாகிவிடும், உருகியபின் பார்த்தால் வித்தியாசம் தெரியாமலும் போகலாம். உள்ளேயே ஐஸ் அறை இருக்கும் சின்ன வீட்டு ஃபிரிட்ஜைத் தயவுசெய்து வாங்காதீர்கள். மருந்துக்கென்றே செய்த ஃபிரிட்ஜுக்குச் செலவழிப்பதுதான் சரி. தினமும் இரண்டு முறை இப்போதைய வெப்பநிலையோடு குறைந்தபட்சம், அதிகபட்சத்தையும் எழுதுங்கள். எழுதியதும் வெப்பமானியை ரீசெட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நேற்றைய எண்ணே இன்றும் நிற்கும்.

படி 5: ஊசி நாள்

தட்டம்மை ஊசிக்கு அதனுடனே வந்த கலவைத் திரவத்தை மட்டும் சேர்க்க வேண்டும். கலந்து 6 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஊசிக்குப் பின் 15 நிமிடம் உட்கார வையுங்கள். கடும் ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். போட்ட மருந்தின் தொகுப்பு எண்ணை அப்போதே எழுதிவிடுங்கள், மாலையில் நினைவிருக்காது.

பின்சேர்க்கை: இதைப் படித்த செவிலியர் ஒருவர், ஊர் மாறிப்போன குழந்தைகளின் அட்டை மாதாமாதம் மிஞ்சுகிறதே என்று கேட்டார். பதின்மூன்றாவதாக ஒரு அறை வையுங்கள். புதிய இடத்தில் எந்த மருத்துவரிடம் காட்டுகிறார்கள் என்று பெற்றோரிடம் கேட்டு எழுதி, அட்டையை அந்த அறையில் போடுங்கள். பதில் கிடைக்காத அட்டை மட்டும் பழைய அறையிலேயே இருக்கட்டும், அடுத்த மாதம் மறுபடி கூப்பிட வேண்டும். இன்னொருவர், பெற்றோரிடம் இருக்கும் தடுப்பூசி அட்டை தொலைந்து அவர்கள் "எல்லாம் போட்டாச்சு" என்று மட்டும் சொன்னால் என்ன செய்வது என்றார். முன்பு போட்ட இடத்தில் விசாரியுங்கள். எழுத்தில் எதுவும் கிடைக்காவிட்டால் போடாததாகவே வைத்துத் தொடர்வதுதான் பொதுவான நடைமுறை.