விலைக்குப் பக்கத்தில் நிற்கும் மற்ற எண்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு கோப்பிக் கடை வரிசையில் நிற்பீர்கள். மேலே தொங்கும் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்துக்கும் விலையோடு இன்னொரு எண்ணும் இருக்கும். அது அந்தப் பண்டத்தின் கலோரி அளவு. மாகாணத்துக்குள் ஒரே பெயரில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளை நடத்தும் உணவகங்கள் அதைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்ற சட்டம் 2015இல் நிறைவேறி, 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதின்மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 2,000 கலோரியும், 4 முதல் 12 வயதுவரையான பிள்ளைகளுக்கு 1,500 கலோரியும் தேவை என்றும், தேவை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றும் ஒரு குறிப்பும் அங்கே இருக்கும்.

அந்த 2,000 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு பட்டியலைப் படியுங்கள். பாலும் சீனியும் இல்லாத கோப்பியில் பத்துக் கலோரிகூட இல்லை. இங்கு எல்லோரும் கேட்டு வாங்கும் ‘டபுள் டபுள்’, அதாவது இரண்டு பங்கு கிரீமும் இரண்டு பங்கு சீனியும் சேர்ந்த நடுத்தர அளவுக் கோப்பி, ஏறக்குறைய 200 கலோரி. இரவு வேலைக்குப் போகிறவர் அதை இரண்டு முறை குடித்தால், சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன்பே ஒரு நாள் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே போய்விடுகிறது. பீட்சா வாங்கும்போது எண் ஒரு துண்டுக்கானதா முழுவதற்குமானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேர்கரோடு உருளைக்கிழங்குப் பொரியலும் பானமும் சேர்த்து வாங்கினால் மூன்றின் கூட்டுத்தொகையையே கணக்கில் எடுக்க வேண்டும். 355 மில்லிலீற்றர் சோடாவில் மட்டுமே சுமார் 140 கலோரி உண்டு.

ஆனால் நாம் அதிகம் சாப்பிடும் இடத்தில் இந்த எண்ணே இருக்காது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உள்ள நம்மவர் கடைகளில் பெரும்பாலானவை ஓரிரு கிளைகள் கொண்டவை என்பதால் சட்டம் அவற்றைத் தொடுவதில்லை. கொத்து ரொட்டிக்கும் ரோல்ஸுக்கும் எண் இல்லாததால் அவை கணக்கில் வராத உணவு என்ற எண்ணம் நம்மிடம் படிந்துவிடுகிறது. புதிதாக வந்தவர்களின் எடை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் உறுதியான கருத்து. ஊரில் சந்தைக்கும் பேருந்துக்கும் நடந்த கால்கள் இங்கே பனிக்காலம் முழுவதும் காருக்குள் இருக்கின்றன. தட்டில் உள்ள அளவோ குறையவில்லை. ஆகவே சில அளவுகளைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. ஒரு கோப்பை வெள்ளைச் சோறு சுமார் 200. ஒரு கோப்பை கெட்டித் தேங்காய்ப்பால் 400க்கும் மேல். சொதியை மெல்லிய பாலில் வைப்பதும், ஒருவருக்கென்று தரும் கொத்து ரொட்டிப் பெட்டியை இருவர் பகிர்வதும் எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்பது இவற்றிலிருந்தே புரியும்.

இங்குள்ள எடை அட்டவணைகளில் உடல் நிறைச் சுட்டெண் (BMI, உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) 25 வரை சரி என்றிருக்கும். தெற்காசியர்களுக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதால், ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துரைத்தது. இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லைகள்.

இன்சுலின் போடுபவர்களும் நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் சாப்பாட்டைக் குறைக்கவோ விடவோ கூடாது, ஏனெனில் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்த 2,000 கணக்கைத் தங்களுக்குரியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்ப மருத்துவரைப் பதிவு செய்யும்போதே உணவியல் நிபுணரிடம் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். பல சமூக சுகாதார நிலையங்களில் அந்தச் சேவை கட்டணமின்றிக் கிடைக்கிறது. போகும்போது ஒரு வாரம் சாப்பிட்டதைத் தமிழிலேயே எழுதி, பிட்டு எத்தனை கோப்பை, சம்பல் எத்தனை கரண்டி என்று அளவோடு கொண்டு செல்லுங்கள்.