டேங்க் ஒடுக்கு எடுப்பது: ஒரு குளூ கன், ஒரு கட்டம் போட்ட லுங்கி

மழைக்காலத்தில் பர்மாவின் மோல்மேன் ஊர் மண்ணை நம்பி மோட்டார் சைக்கிளை சைடு ஸ்டாண்டில் விடக் கூடாது. தெரிந்துதான் விட்டேன். தேநீர்க் கடையில் ஒரு கோப்பை முடித்துவிட்டு வெளியே வருவதற்குள் ஸ்டாண்ட் மண்ணில் இறங்கி வண்டி இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. ஹேண்டில் முழுக்கத் திரும்பி பெட்ரோல் டேங்க்கில் முட்டியதில், பாதி உள்ளங்கை அளவுக்கு ஓர் ஒடுக்கு. பெயிண்ட் மட்டும் தப்பித்துவிட்டது.

பட்டறை ஸயா (பர்மியத்தில் ஆசான், இங்கே மேஸ்திரி) பார்த்துவிட்டு, பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார். நல்ல பெயிண்டைச் சுரண்டி, குழியை அப்படியே வைத்து மேலே பட்டியால் மூடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து நானே எடுத்தேன். முதல் தடவை செய்கிறவர்களுக்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ரங்கூன் நகருக்குள் 2003 முதலே மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்பதால் அங்குள்ள சொந்தக்காரர்களுக்கு இது உதவாது. ஹோண்டா வேவ் மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கும் கவலை இல்லை. அவற்றில் டேங்க் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். இது கால்களுக்கு நடுவே டேங்க் வைத்த வண்டிக்காரர்களுக்கு.

எது வரும், எது வராது

முதலில் ஒரு காந்தத்தை டேங்க்கில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, இந்த முறை சரிப்படும். ஒட்டாவிட்டால் அலுமினியமோ பிளாஸ்டிக்கோ. இந்தக் குறிப்பு அதற்கு இல்லை.

ஒடுக்கு வழவழப்பாக, ஆழம் குறைந்து, பெயிண்ட் வெடிக்காமல் இருந்தால் வரும். விரல் நுனியால் தடவும்போது கத்தி மடிப்புபோல ஒரு கோடு தட்டினால், அந்த இடத்தில் தகடு நீண்டுவிட்டது. அது முழுதாகத் திரும்பாது. டேங்க்கின் இரண்டு பாதிகளும் சேரும் வெல்டிங் ஓரத்தில் விழுந்த ஒடுக்கையும் தொட வேண்டாம். இழுத்தால் கசிவு வரும். ஏற்கெனவே மறுபெயிண்ட் அடித்த டேங்க் என்றால், பசையோடு பெயிண்டும் உரிந்து வரத் தயாராக இருங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒடுக்கு என்றதும் எல்லோரும் குழியைத்தான் பார்க்கிறோம். குழியைப் பிடித்து வைத்திருப்பது அதைச் சுற்றி எழும்பி நிற்கும் விளிம்பு. தகடு உள்ளே போகும்போது ஓரம் லேசாக மேடாகி, வளைந்த இடத்தில் இறுகிவிடுகிறது. அந்த மேடு தணியும் வரை குழியின் நடுவை எவ்வளவு இழுத்தாலும் திரும்ப உள்ளேதான் போகும். பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கு எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஓர் இரும்பைக் கொடுத்துவிட்டு வெளியே ஓரத்தில்தான் தட்டிக்கொண்டே போவார்கள். டேங்க்குக்குள் இரும்பைக் கொடுக்க வழி இல்லை. அதனால் வெளியிலிருந்து பசை வைத்து இழுக்கிறோம், மேட்டைத் தட்டுகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

பெட்ரோலை வெளியேற்றுவது

வண்டியிலேயே வைத்துச் செய்ய முடியாதா என்று மச்சான் கேட்டார். முடியாது. காலியான டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது. எரிவது திரவம் இல்லை, ஆவி. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படர்ந்து போகும். ஆகவே கரி அடுப்பு, சாமி விளக்கு, கொசுவர்த்தி, ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வீட்டுக்குள் வேண்டாம், வாசலில் வைத்துச் செய்யுங்கள்.

டேங்க்கின் அடியில் உள்ள பெட்ரோல் திருகை (காக்) மூடி, டியூபைக் கழற்றி, பிறகு திருகைத் திறந்து பெட்ரோலை மூடியுள்ள கேனில் பிடியுங்கள். சீட்டை எடுத்தால் டேங்க்கின் பின்னால் ஒரு போல்ட் தெரியும். அதைக் கழற்றி, மீட்டருக்குப் போகும் ஒயரைப் பிரித்து, டேங்க்கைப் பின்பக்கமாக இழுத்துத் தூக்கினால் முன்னால் உள்ள ரப்பர்களிலிருந்து வழுக்கி வந்துவிடும். இன்ஜெக்‌ஷன் வண்டியில், அதாவது பெட்ரோலைப் பம்ப் தள்ளித் தரும் வண்டியில், டியூபுக்குள் அழுத்தம் இருக்கும். பம்ப் ஒயரைப் பிடுங்கிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்ட பிறகே டியூபைத் தொடுங்கள்.

காக், மிதவை எல்லாவற்றையும் கழற்றி ஓட்டைகளைக் கட்டையால் அடைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரை ஊற்றிக் குலுக்குங்கள். மூன்று தடவை. அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விட வேண்டாம். பிறகு எல்லா வாயையும் திறந்து காற்றோட்டத்தில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். மூக்கை வைத்துப் பார்த்தால் பெட்ரோல் வாடை வரக் கூடாது. வந்தால் திரும்பக் கழுவுங்கள். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் கழுவிய டேங்க்குக்குள் ஒரே ராத்திரியில் துரு பூக்கும். அதனால் இந்த வேலையை மழை விட்ட பிறகு, தை மாசி வெயிலில் வைத்துக்கொள்வது நல்லது.

வேண்டிய சாமான்

பசைக் குச்சியை உருக்கித் தரும் ஒரு குளூ கன், அதற்கான குச்சிகள், காளான்போல இருக்கும் பிளாஸ்டிக் பிடிகள், அவற்றைக் கவ்வி இழுக்கும் சின்னப் பாலம். எல்லாம் சேர்ந்த பெட்டியாகவே சீனத்திலிருந்து வருகிறது. கூடவே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பிளாஸ்டிக் சுரண்டி, 200 கிராம் அளவில் ஒரு சுத்தியல், முனை உருட்டிய ஒரு தேக்குக் குச்சி. குச்சியை நானே சீவிக்கொண்டேன். தேக்குக்கு இந்த நாட்டில் பஞ்சமா?

கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், தகட்டைச் சூடாக்கச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை நம்ப வேண்டாம். 1,500 வாட் சாதனத்தை வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. 60 வாட் குளூ கன் அதில் நிம்மதியாக ஓடும். சூட்டுக்கு வெந்நீரில் பிழிந்த துணி போதும்.

லுங்கி

இதுதான் நான் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொள்ளும் விஷயம். தொழில்காரர்கள் கோடு போட்ட விளக்குப் பலகை வைத்து ஒடுக்கைப் படிப்பார்கள். நான் கட்டம் போட்ட லுங்கியைக் கொடியில் விரித்துப் போட்டு, டேங்க்கை அதற்கு எதிரே வைத்தேன். பளபளப்பான பெயிண்டில் கட்டங்கள் கண்ணாடிபோலத் தெரியும். தகடு சரியாக உள்ள இடத்தில் கோடுகள் ஒழுங்காக ஓடும். விளிம்பு மேட்டில் நெருங்கிக் கூடும். குழிக்குள் அகன்று வளையும். தலையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்து, மேட்டைச் சுற்றி மார்க்கரால் ஒரு வட்டம், குழியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். கையால் தடவி உணர முடியாததை அந்த லுங்கி காட்டிக்கொடுக்கும். ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

இழுப்பது

ஒடுக்கைச் சுற்றி ஆல்கஹாலால் நன்றாகத் துடையுங்கள். பாலிஷோ மெழுகோ ஒட்டியிருந்தால் பசை பிடிக்காது. வெந்நீர்த் துணியை வைத்துத் தகட்டைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டு வந்து, ஈரம் போகத் துடையுங்கள். காளானின் அடியில் பசையைத் தாராளமாக வைத்து ஒட்டுங்கள், நசுக்க வேண்டாம். தகட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பசை இருக்க வேண்டும்.

முதல் காளானை எங்கே ஒட்டுவது? நடுவில் ஒட்டத்தான் கை போகும். போகவிடாதீர்கள். குழியின் உள்ஓரத்தில், மேட்டுக்குச் சற்று உள்ளே ஒட்டுங்கள்.

இப்போது காத்திருப்பு. பசை சூடாக இருக்கும்போது இழுத்தால் ரப்பர்போல நீளும். முழுக்க ஆறிக் கெட்டியானால் சடக்கென்று விட்டுவிடும். ஓரத்தில் பிதுங்கிய பசையைத் தொட்டால் வெதுவெதுப்பு அடங்கியிருக்க வேண்டும். மாசியில் ஐந்து நிமிடம் ஆகும். சித்திரை வெயிலில் இது ஆறவே ஆறாது, காலை ஆறு மணிக்குச் செய்யுங்கள்.

பாலத்தை மாட்டித் திருகை மெல்லத் திருப்புங்கள். கால் சுற்று, நிறுத்தம், இன்னொரு கால் சுற்று. இழுவிசை இருக்கும்போதே தேக்குக் குச்சியை விளிம்பு மேட்டில் வைத்துச் சுத்தியலால் டொக் டொக்கென்று லேசாகத் தட்டுங்கள். மேடு இறங்க, குழி தானே மேலே வரும். ‘டப்’பென்று காளான் பிரிந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அப்படித்தான் பிரியும். மிச்சப் பசையின் ஓரத்தில் ஆல்கஹால் விட்டு ஒரு நிமிடம் கழித்துப் பிளாஸ்டிக் சுரண்டியால் நெம்பினால் தோல்போல உரிந்துவிடும். கத்தி வேண்டாம்.

லுங்கியைப் பாருங்கள், அடுத்த இடத்தில் ஒட்டுங்கள். ஓரத்தைச் சுற்றி வந்து கடைசியில் நடு. எனக்கு இருபது இழுப்புக்கு மேல் ஆயிற்று. அதில் ஒன்பதாவதோ பத்தாவதோ அவசரப்பட்டு ஒரேயடியாகத் திருகியதில் குழி இருந்த இடத்தில் கொழுக்கட்டைபோல ஒரு புடைப்பு எழும்பியது. அதைத் தட்டித் தட்டி இறக்க ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு கால் சுற்றுக்கு மேல் போனதில்லை.

கோடுகள் முக்கால்வாசிக்கு மேல் நேராகிவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சம் தெருவில் யாருக்கும் தெரியாது.

காற்று, ஐஸ் யோசனைகள்

டேங்க்குக்குள் காற்றடித்தால் ஒடுக்கு வெளியே வந்துவிடும் என்று தேநீர்க் கடையில் நான்கு பேராவது சொன்னார்கள். டேங்க்கின் ஒரு பக்கம் 30 சென்டிமீட்டருக்கு 20 என்று வையுங்கள், 600 சதுர சென்டிமீட்டர். டயருக்கு அடிக்கும் அழுத்தத்தில், சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோ என்ற கணக்கில், அந்த ஒரு பக்கத்தின் மேல் மட்டும் 1,200 கிலோ எடை தள்ளும். ஒடுக்கு வருவதற்கு முன்பே அடித்தகடு புடைக்கும் அல்லது வெல்டிங் பிரியும். தண்ணீர் நிரப்பி உறைய வைப்பதும் இதே கதைதான். வெயிலில் காயவைத்து ஐஸ் தேய்ப்பது தட்டையான கார் கதவில் எப்போதாவது வேலை செய்யலாம். டேங்க்கின் வளைவு அதற்கு மசியாது.

பெயிண்ட் போயிருந்தால்

முதலில் இப்படி இழுத்துவிட்டு, மிஞ்சியதற்கு மட்டும் பட்டி. 80 நம்பர் உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பூசி, 180, 320 என்று தேய்த்து வாருங்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும், அதனால் அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். மேலே சாதாரண ஸ்பிரே டப்பா அடித்தால் முதல் தடவை பெட்ரோல் வழிந்ததும் கரைந்து போகும். கடினமாக்கி கலந்து அடிக்கும் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) வேண்டும். அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது என்பதால் அதை மட்டும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

மாட்டுவது

காக்கின் ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் இல்லை. அரை லிட்டர் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி, அதை வடித்து தீ அண்டாத இடமாகப் பார்த்துத் தனியே வைத்துவிட்டு, புதிதாக ஒரு லிட்டர் ஊற்றுங்கள். டேங்க்குக்கு அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு ராத்திரி விட்டுக் காலையில் பாருங்கள். தாளில் கறை, வாடை இரண்டும் இல்லை என்றால் வண்டியை எடுக்கலாம்.

என் சீட்டுக்கு அடியில் இப்போது தட்டையாக நசுக்கிய கண்டென்ஸ்ட் மில்க் டப்பா ஒன்று இருக்கிறது. தேநீர்க் கடைக்காரர் சும்மா கொடுத்தார். மண்ணில் நிறுத்தும்போது ஸ்டாண்டுக்கு அடியில் அதைப் போடுகிறேன்.