கொரிந்தியர் நிருபத்தில் வழுக்கும் இடங்கள்

"கொரிந்து பட்டணத்து மலைமேல் அப்ரோதித்தே கோயில். அதில் ஆயிரம் தேவதாசிகள். பொழுது சாய்ந்தால் ஊருக்குள் இறங்கிவருவார்கள்." அப்ரோதித்தே கிரேக்கரின் காதல் தெய்வம். கொரிந்தியரைப் பற்றிய பிரசங்கங்களில் இந்தக் கதையைக் கேட்காதவர்கள் குறைவு. வேதபாட வகுப்பில் நானும் இதை அடித்துவிட்டிருக்கிறேன். தேவதாசி என்ற நம் ஊர்ச் சொல்லைப் போட்டதும் கேட்பவர் மனதில் படம் தானாக ஓடிவிடும், பிறகு யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

ஆயிரம் என்ற கணக்கு ஸ்திராபோ என்ற பண்டைய புவியியலாளருடையது. அவரும் அதைக் கடந்தகாலக் கதையாகத்தான் சொல்கிறார். அந்தப் பழைய கிரேக்க ஊரை ரோமர் கி.மு. 146-இல் அழித்துவிட்டார்கள். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் அதே இடத்தை ரோமக் குடியேற்றமாக மறுபடி நிறுவினார். குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். கொரிந்து சபைக்கு இந்த நிருபத்தை (கடிதத்தை) எழுதிய அப்போஸ்தலன் பவுல் வந்தது இந்தப் புது ஊருக்கு. பவுல் அங்கே இருந்தபோது அதிபதி என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லும் கல்லியோன், கொரிந்து அடங்கிய அகாயா மாகாணத்தை ஆண்டது கி.பி. 51-52 வாக்கில் என்பது தெல்பியில் கிடைத்த கல்வெட்டால் தெரிகிறது. அதாவது ஊர் அழிந்து ஏறக்குறைய 200 ஆண்டு கழித்து. பழைய ஊரிலாவது அந்த ஆயிரம் பேர் இருந்தார்களா என்பதே ஆய்வாளர்களிடையே சந்தேகத்துக்குரியது. பின்னணி தேடுவது நல்லதுதான், ஆனால் பின்னணிக்கும் தேதி பார்க்கவேண்டும்.

அடுத்த வழுக்கல், 'கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம்' என்ற தலைப்பின் 'முதலாம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. இது முதல் கடிதம் அல்ல. 5:9-இல் பவுலே முன்பு எழுதிய ஒரு நிருபத்தைக் குறிப்பிடுகிறார். அது நம் கைக்கு வரவில்லை. சபையில் நடந்த சண்டைகளைக் குலோவேயாளின் வீட்டார் வந்து சொல்லியிருக்கிறார்கள் (1:11). கொரிந்தியரும் கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறார்கள் (7:1). அந்த 7:1-ஐ முழுதாகப் பாருங்கள்: "நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து நான் எழுதுகிறதென்னவென்றால், ஸ்திரீயைத் தொடாமலிருக்கிறது மனுஷனுக்கு நல்லது." பின்பாதி யாருடைய வாக்கியம்? பழைய கிரேக்கப் பிரதிகளில் மேற்கோள் குறி கிடையாது. அது கொரிந்தியரின் கடிதத்திலிருந்து பவுல் எடுத்துப்போட்ட வரி என்று பல ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். அடுத்த வசனங்களில் அவர் தம்பதிகளைச் சேர்ந்து வாழச் சொல்வதோடு அது நன்றாகவே பொருந்துகிறது. எதிராளியின் வாதத்தைப் பவுலின் கட்டளையாக எடுத்துக்கொண்டால் எத்தனை குடும்பத்துக்குத் தொந்தரவு!

ஆனால் அதிகம் பேரைப் பாதித்த தவறு திருவிருந்துப் பகுதியில்தான். "அபாத்திரமாய்ப் போஜனபானம்பண்ணுகிறவன்" என்ற 11:29-க்குப் பயந்து, 'நான் பாத்திரவான் இல்லை' என்று இருக்கையை விட்டு எழாமலேயே இருப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் 'அபாத்திரமாய்' (தகாத விதமாய்) என்பது வினையடை. ஆள் எப்படிப்பட்டவன் என்பதையல்ல, சாப்பிடுகிற விதத்தைச் சொல்கிறது. அந்த விதம் என்ன என்று 11:21-இலேயே இருக்கிறது: "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." வெறி என்றால் இங்கே குடிவெறி. அங்கே அப்பமும் ரசமும் ஒரு முழுச் சாப்பாட்டோடு சேர்ந்தே வந்தன. ரோம வழக்கத்தில் அந்தஸ்துக்குத் தகுந்தபடி பரிமாறுவது புதிதல்ல. சில பத்தாண்டுகள் கழித்து இளைய பிளினி என்ற ரோம எழுத்தாளர் ஒரு விருந்தைப் பழித்து எழுதுகிறார்: சிறு குப்பிகளில் மூன்று தரத் திராட்சரசம். முதல் தரம் வீட்டுக்காரருக்கும் பிளினிக்கும், அடுத்தது கீழ்நிலை நண்பர்களுக்கு, கடைசித் தரம் விடுதலை பெற்ற அடிமைகளுக்கு. இதைப் படித்துவிட்டு, "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா" என்று பவுல் கேட்பதைப் படித்தால் அவர் கோபம் எதன்மேல் என்று விளங்கும்.

இங்கேயும் ஒரு பிரேக் தேவை. பிளினி சொல்வது கொரிந்தில் நடந்த விருந்து அல்ல. பணக்காரர்கள் உள்ளறையில் சாய்ந்து சாப்பிட்டார்கள், ஏழைகள் முற்றத்தில் நின்றார்கள் என்று சில விளக்கவுரைகள் நேரில் பார்த்ததுபோல் எழுதும். அது வீட்டு அமைப்புகளை வைத்துச் செய்த ஊகம், நல்ல ஊகம்தான், ஆனால் நிருபத்தில் முற்றம் இல்லை.

11:33-இன் "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்பதிலும் இதே கவனம் வேண்டும். அந்தக் கிரேக்க வினைக்கு 'வரவேற்று உபசரித்தல்' என்ற பொருளும் உண்டு. காத்திருங்கள் என்றால், வேலை முடிந்து தாமதமாக வந்தவருக்குச் சாப்பாடு மிஞ்சவில்லை என்று ஆகும். உபசரியுங்கள் என்றால், எல்லாரும் நேரத்துக்கு வந்தும் சிலருக்கு இலை போடவில்லை என்று ஆகும்.