தோய்த்து எடுக்கும் மெழுகுவர்த்தி: திரியிலிருந்து தொடங்குவோம்

வீட்டில் மெழுகுவர்த்தி செய்யத் தொடங்குகிற பலர் முதலில் வாங்குவது நிறமும் வாசனை எண்ணெயும்தான். திரியைக் கடைசியில், எது கிடைத்ததோ அதை வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு வர்த்தி பார்க்க அழகாக இருக்கும். ஏற்றினால் புகையும், ஒழுகும், பாதியில் அணையும். மெழுகுவர்த்தியின் உயிர் திரியில் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள நல்ல வழி, திரியை உருகிய மெழுகில் திரும்பத் திரும்பத் தோய்த்து எடுக்கும் பழைய முறை. அச்சு வேண்டாம். எந்தச் சூட்டில் மெழுகு என்ன செய்கிறது என்பது கைக்கே பிடிபட்டுவிடும்.

கொஞ்சம் வரலாறு

ஐரோப்பாவில் மெழுகுவர்த்தி பல நூற்றாண்டுகள் இரண்டு வகையாக இருந்தது. தேவாலயத்திலும் வசதியானவர்கள் வீட்டிலும் தேன்மெழுகு. மற்றவர்களுக்கு ஆடு மாடுகளின் கொழுப்பு. கொழுப்பு வர்த்தி நாறும், புகையும், வெயில் காலத்தில் வளையும். லண்டனில் இந்த இரண்டு தொழிலுக்கும் தனித்தனிச் சங்கங்களே இருந்தன. கொழுப்பு வர்த்திக்காரர்களுக்கு 1462-இலும் தேன்மெழுகுக்காரர்களுக்கு 1484-இலும் அரச சாசனம் கிடைத்தது.

அதுவும் வாங்க முடியாத கிராமத்து ஏழைகள் என்ன செய்தார்கள்? ஈர நிலத்தில் வளரும் கோரை போன்ற ஒரு புல்லின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் தண்டைச் சமையலில் மிஞ்சிய கொழுப்பில் ஒரு முறை தோய்த்துக் காயவைத்து ஏற்றினார்கள். கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் 1775-இல் எழுதிய கடிதத்தில் இதன் கணக்கையே கொடுத்திருக்கிறார்: இரண்டடி நாலரை அங்குல நீளமுள்ள நல்ல தண்டு ஒன்று 57 நிமிடம் எரிந்ததாம். 1709-இல் இங்கிலாந்து அரசு மெழுகுவர்த்திக்கு வரி போட்டது. உரிமமும் வரியும் இல்லாமல் வீட்டில் வர்த்தி செய்வது குற்றமானது. சொந்த உபயோகத்துக்காக ஒரே ஒரு முறை தோய்த்த புல் விளக்குக்கு மட்டும் விலக்கு. அந்த வரி 1831 வரை நீடித்தது. இன்று நாம் அடுப்படியில் நின்று செய்யப்போவதை அன்று செய்திருந்தால் தண்டனைதான்!

19-ஆம் நூற்றாண்டில் எல்லாம் வேகமாக மாறின. பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரூல் கொழுப்பைப் பிரித்து, அதிலிருந்து கெட்டியான ஸ்டியரிக் அமிலத்தை எடுத்தார். அதில் வர்த்தி செய்வதற்கு 1825-இல் அவரும் இன்னொரு வேதியியலாளர் கே-லுசாக்கும் காப்புரிமை வாங்கினார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் கம்பாசெரே என்பவர் முறுக்கிய திரிக்குப் பதிலாகப் பின்னிய திரியைக் கொண்டுவந்தார். 1830-இல் ஜெர்மன் வேதியியலாளர் ரைக்கன்பாக் பாரஃபின் என்ற மெழுகைக் கண்டறிந்தார். 1850-இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து அதை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

இவற்றில் பெரிய மாற்றம் எது என்று கேட்டால், நான் பின்னிய திரியைத்தான் சொல்வேன். பழைய முறுக்குத் திரி சுடரின் நடுவில் நேராக நின்றுவிடும். அங்கே காற்று போதாது. நுனி சாம்பலாகாமல் கரியாக நீண்டுகொண்டே போகும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கத்தரியால் வெட்டிவிட வேண்டும். பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளையும். நுனி சுடரின் ஓரத்துக்கு வந்து, காற்று பட்டு, தானே எரிந்து உதிரும். நம் அகல்விளக்கில் திரியை அவ்வப்போது தூண்டிவிடுகிறோம் அல்லவா? மெழுகுவர்த்தியில் அந்த வேலையைப் பின்னல் பார்த்துக்கொள்கிறது. பூஜைக்கு வாங்கும் பஞ்சுத் திரியை மெழுகில் வைத்தால் சரியாக எரியாததற்கு இதுதான் காரணம்.

என்னென்ன வேண்டும்

பாரஃபின் மெழுகு 900 கிராம். உருகுநிலை 58 முதல் 60 டிகிரி வரை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். நம் ஊர் வெயிலுக்கு அதற்குக் கீழே உள்ளவை தாங்காது. மே மாதம் அலமாரியிலேயே வளைந்துவிடும்.

ஸ்டியரிக் அமிலம் 100 கிராம். இது வர்த்தியைக் கெட்டிப்படுத்தும், வெண்மை தரும். வெறும் பாரஃபின் மட்டும் என்றால் சூட்டில் எளிதில் வளையும்.

பின்னிய பருத்தித் திரி. 2 செ.மீ. தடிமன் வர்த்திக்கு ஏற்றது என்று கடையில் கேட்டு வாங்குங்கள். அதற்கு அடுத்த சிறிய அளவிலும் பெரிய அளவிலும் கொஞ்சம் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

உயரமான எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, ஏறக்குறைய 9 செ.மீ. அகலம், 23 செ.மீ. உயரம். ஒரு கிலோ மெழுகு உருகினால் இதில் சுமார் 20 செ.மீ. ஆழம் வரும். பித்தளை, செம்புப் பாத்திரம் வேண்டாம். ஸ்டியரிக் அமிலம் பட்டால் மெழுகில் பச்சை ஏறும். அந்த எவர்சில்வர் பாத்திரம் உள்ளே நிற்கும் அளவுக்கு ஒரு பெரிய பானை. சமையல் தராசு, தெர்மாமீட்டர், நீளமான குச்சி ஒன்று, இரண்டு சிறிய இரும்பு நட்டுகள், ஒரு வாளி தண்ணீர். மெழுகுக்கு என்று எடுத்த பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

திரியை வீட்டிலேயே செய்ய விரும்பினால்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் 1 மேஜைக்கரண்டி உப்பு, 2 மேஜைக்கரண்டி வெண்காரம் (போராக்ஸ்) கரையுங்கள். பருத்தி நூலை ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு நாள் நன்றாகக் காயவைத்து, மூன்று புரியாக இறுக்கமாகப் பின்னுங்கள். ஈரம் துளிகூட இருக்கக் கூடாது; இருந்தால் எரியும்போது படபடவென்று பொரியும். வெண்காரக் கரைசல் குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

1. மெழுகை உருக்குவது

பானையின் அடியில் ஒரு சிறிய தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் மெழுகுப் பாத்திரத்தை வையுங்கள். பாத்திரத்தின் பாதிக்கு மேல் வருமாறு பானையில் தண்ணீர் ஊற்றி, மிதமான சூட்டில் வையுங்கள். முதலில் பாரஃபின், அது உருகியதும் ஸ்டியரிக் அமிலம். இண்டக்ஷன் அடுப்பு இருந்தால் அதுவே நல்லது, பக்கத்தில் நெருப்பே இருக்காது.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள். சுமார் 200 டிகிரியைத் தாண்டினால் பாரஃபினின் ஆவி தீப்பிடிக்கும். வெந்நீருக்குள் வைத்தால் சூடு 100 டிகிரியைத் தாண்ட வழியில்லை. தண்ணீர் வற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதாவது தீப்பிடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரியும் மெழுகு நாலாபக்கமும் தெறிக்கும். உருக்கும்போது அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. குழந்தைகள் அடுப்படியில் இருக்கக் கூடாது.

2. திரிக்கு மெழுகு ஊட்டுவது

திரியை 60 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு நட்டு கட்டுங்கள். நடுவில் குச்சியில் தொங்கவிட்டால் இரண்டு வால்கள் கிடைக்கும். ஒரே சமயத்தில் இரண்டு வர்த்தி. அவை ஒட்டாமல் இருக்க இடையில் 4 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

மெழுகு 70 டிகிரிக்கு வந்ததும் இரண்டு வால்களையும் உள்ளே விட்டு, காற்றுக் குமிழிகள் வருவது நிற்கும் வரை வைத்திருங்கள். ஒரு நிமிடம் போதும். வெளியே எடுத்து, விரலால் நீவி நேராக்கி, ஆறவிடுங்கள். இந்த முதல் தோய்ப்பில் அவசரப்படாதீர்கள். காற்று தங்கிய திரி பிறகு விட்டுவிட்டு எரியும்.

3. தோய்ப்பது

இனி வேலை முழுக்கத் தாளத்தில்தான். உள்ளே விடு, நிறுத்தாமல் உடனே எடு. இரண்டு மூன்று வினாடிதான். பிறகு ஆறவிடு. மீண்டும் தோய்.

அதிக நேரம் உள்ளே வைத்தால் முன்பு ஏறிய மெழுகு உருகிப்போய், வர்த்தி பருப்பதற்குப் பதில் மெலியும். சூடு 75 டிகிரியைத் தாண்டினாலும் இதே கதைதான். 67-க்குக் கீழே இறங்கினால் மெழுகு திட்டுத்திட்டாக ஒட்டி, மேற்பரப்பு கரடுமுரடாகும். ஆகவே கண் தெர்மாமீட்டரில் இருக்கட்டும், கை அடுப்பின் திருகில் இருக்கட்டும்.

ஒவ்வொரு தோய்ப்புக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிட இடைவெளி. தொட்டால் இளஞ்சூடாக, விரலில் ஒட்டாமல் இருக்க வேண்டும். அமெரிக்கக் குடியேற்றங்களில் இந்த வேலையைக் குளிர் தொடங்கும் காலத்தில் வைத்துக்கொண்டார்கள். கால்நடைகளை வெட்டியதில் கொழுப்பும் அப்போதுதான் கிடைக்கும், மெழுகும் சட்டென்று ஆறும். நமக்கு மார்கழி, தை மாதக் காலை நேரம் மிகவும் வசதி. மற்ற மாதங்களில் விடியற்காலையில் தொடங்குங்கள். மின்விசிறி வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் ஆறி வர்த்தி வளையும்.

ஐந்தாறு தோய்ப்பு ஆனதும் வளைவு தெரிந்தால், இளஞ்சூட்டில் இருக்கும்போதே வழவழப்பான பலகையில் வைத்து உள்ளங்கையால் மெதுவாக உருட்டுங்கள். சப்பாத்திக் குழவியைப் போல அழுத்தக் கூடாது. அடிப்பக்கம் கனத்ததும் நட்டுகளை வெட்டி எடுத்துவிடலாம், இனி வர்த்தியின் எடையே திரியை நேராக வைத்துக்கொள்ளும். பாத்திரத்தில் மெழுகு குறைந்தால் துண்டு போட்டு, உருகிச் சூடு சரியாகும் வரை காத்திருங்கள்.

சுமார் 25 முதல் 30 தோய்ப்பில் 2 செ.மீ. தடிமன் வந்துவிடும். மேலிருந்து கீழே இயல்பாகவே சற்றுப் பருத்துக்கொண்டு வரும். எனக்கு இதில் பிடித்ததே இந்த வடிவம்தான்.

கடைசித் தோய்ப்புக்கு மட்டும் மெழுகை 80 டிகிரிக்கு ஏற்றி, ஒரே மூச்சில் தோய்த்து எடுத்து, உடனே வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். மேற்பரப்பு பளபளவென்று வரும். அடிப்பாகத்தைக் கத்தியால் சமமாக வெட்டி, குச்சியிலேயே ஒரு நாள் தொங்கவிடுங்கள்.

நிறம் வேண்டுமானால் மெழுகுக்கு என்றே விற்கும், எண்ணெயில் கரையும் சாயம் மட்டும். மஞ்சள்தூள், குங்குமம், கிரேயான் எதுவும் வேண்டாம். இவற்றின் துகள்கள் கரையாமல் திரியில் போய் அடைத்துக்கொள்ளும். வாசனையை முதல் முறை விட்டுவிடுங்கள்.

4. எரித்துப் பார்ப்பது

இதைச் செய்யாமல் யாருக்கும் வர்த்தி கொடுக்காதீர்கள். திரியை 6 மி.மீ. அளவுக்கு வெட்டி, காற்றடிக்காத இடத்தில் உறுதியான தாங்கியில் நிறுத்தி ஏற்றுங்கள். திரைச்சீலையும் காகிதமும் தள்ளியே இருக்கட்டும். கூடவே நீங்களும் இருங்கள்.

திட மெழுகு அப்படியே எரிவதில்லை. சுடரின் சூட்டில் உருகி, திரி வழியாக ஏறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1848-இலும் 1860-இலும் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் இதைச் செய்தே காட்டினார். நீங்களும் பார்க்கலாம்: சுடரை மெதுவாக அணைத்ததும் எழும் வெள்ளைப் புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். திரியைத் தொடாமலேயே தீ புகை வழியாக இறங்கிப் பற்றிக்கொள்ளும்.

இது புரிந்துவிட்டால் குறைகளும் தாமாகப் புரியும். மெழுகு பக்கவாட்டில் வழிகிறதா? உருகும் மெழுகை இழுக்கத் திரிக்குத் தெம்பு போதவில்லை. அடுத்த பெரிய அளவுக்குப் போங்கள். சுடர் உயர்ந்து, கரும்புகை விட்டு, திரி நுனியில் காளான் மாதிரிக் கரி திரள்கிறதா? திரி பெரிது, சிறியதை எடுங்கள். இரண்டும் இல்லாமல் சுடர் 3 செ.மீ. அளவில் ஆடாமல் நின்று, திரி நுனி ஒரு பக்கமாக வளைந்து சிவந்து எரிந்தால், அந்தத் திரியின் அளவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மெழுகையோ தடிமனையோ மாற்றினால் மறுபடி சோதிக்க வேண்டும்.

மிஞ்சிய மெழுகைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துவிடும். ஒரு தகர டப்பாவில் ஊற்றி ஆறவைத்து, மூடி வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.